சந்தேகத்தைச் சொன்ன பையனுக்கு மெமோவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில், சென்னையிலிருந்து அதிகாலை கிளம்ப வேண்டிய ஒரு விமானம் தொழில்நுட்பக் கோளாறால் 3 மணி நேரம் தாமதமானது, பயணிகள் ஊழியர்களிடம் வாக்குவாதம் செய்தார்கள் என்று நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. அதில் ஒரு பயணி கேட்டிருக்கிறார்: "ராத்திரி முழுக்க விமானம் இங்கேதானே நின்றது, அப்போது இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" கேள்வி நியாயமானதுதான். டிக்கெட் வாங்கியவருக்குக் கேட்க உரிமை உண்டு. அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, உட்கார்ந்தால் கடிதம் இவ்வளவு நீளமாகிவிட்டது. இடம் இருந்தால் முழுவதையும் போடுங்கள்.

நான் விமானப் பராமரிப்பில் 31 வருடம் இருந்தவன். டெக்னீஷியனாகச் சேர்ந்து, பரீட்சைகள் எழுதி லைசென்ஸ் வாங்கி ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்பு இன்ஜினியர் ஆகி, கடைசி 11 வருடம் மீனம்பாக்கத்தில் லைன் மெயின்டனன்ஸில் (இரண்டு பயணங்களுக்கு நடுவில் விமானத்தைப் பார்க்கும் பிரிவில்) இரவு ஷிப்ட் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றேன். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போவது ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயம் இல்லை.

இரவு 11 மணிக்கு மேல் கடைசி விமானங்கள் ஒவ்வொன்றாக வந்து பேயில், அதாவது அதற்கென்று ஒதுக்கிய நிறுத்துமிடத்தில் நிற்கும். காலை 4.45க்கு முதல் விமானம் கிளம்பியாக வேண்டும். என் ஷிப்டில் பெரும்பாலும் 6 விமானம், 9 டெக்னீஷியன், கையெழுத்துப் போடும் லைசென்ஸ் உள்ளவர்கள் 3 பேர். டயர் தேய்மானம், பிரேக் தேய்மானம், இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் அளவு, இன்ஜின் பிளேடில் பறவை அடித்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது, இதெல்லாம் வழக்கமான வேலை. அதற்கு மேல், பைலட் டெக் லாகில், அதாவது விமானத்தின் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகிற ஸ்நாக்குகள், அதாவது கோளாறுகள். சிலவற்றை அன்றே சரிசெய்தாக வேண்டும். சிலவற்றை, எந்தெந்தக் கோளாறோடு விமானம் பறக்கலாம் என்று பட்டியல் போட்ட எம்இஎல் புத்தகம் அனுமதித்தால், அதன் வகையைப் பொறுத்து 3 நாள், 10 நாள், 120 நாள் வரை தள்ளிவைக்கலாம். எதைத் தள்ளலாம், எதைத் தள்ளவே கூடாது என்று அந்தப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதியிருக்கும். இஷ்டத்துக்குத் தள்ள முடியாது.

அந்தப் பயணிக்கு நேரடிப் பதில் என்னவென்றால், நாங்கள் ராத்திரி முழுக்க வேலைதான் செய்துகொண்டிருந்தோம். ஆனால் இரவு 3 மணிக்கு ஒரு வால்வு போய்விட்டது என்று கண்டுபிடித்தால், அது சென்னை ஸ்டோரில் இல்லையென்றால், டெல்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ முதல் விமானத்தில்தான் வந்து சேரும். அப்புறம் இன்னொன்று. சில கோளாறுகள் விமானம் அமைதியாக நிற்கும்போது தெரியாது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து பிரஷர் ஏறிய பிறகுதான் லீக் தெரியும், எச்சரிக்கை விளக்கு எரியும். ராத்திரி முழுக்க நின்ற விமானத்தில் எல்லோரும் ஏறி பெல்ட் போட்ட பிறகு கோளாறு என்றால் கோபம் வருவது இயற்கை, ஆனால் அந்தக் கோளாறு தலைகாட்டுகிற முதல் நிமிடமே அதுவாக இருக்கலாம்.

இதெல்லாம் வேலையைப் பற்றியது. எனக்குச் சொல்ல வேண்டியது அந்த வேலையைச் செய்கிற பையன்களைப் பற்றி.

ஷிப்ட் இன்சார்ஜ் என்றால் யாருக்கு எந்த விமானம் என்று பிரித்துக் கொடுத்து, மணி பார்த்து, விரட்டி வேலை வாங்குகிறவர் என்று வெளியில் நினைக்கிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். பிரித்துக் கொடுக்கிற வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச இரவு முழுக்க இன்சார்ஜ் செய்ய வேண்டியது, ஒரு டெக்னீஷியன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றால், அவன் வாயைத் திறக்கும்படி நடந்துகொள்வது. இது எனக்குப் புரிந்தது ஒரு ஆயில் டேங்க் மூடியால்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் நடந்தது. மார்கழி மாதம், அதிகாலை நேரம், விமானங்கள் நிற்கும் திடலான ஏப்ரன் முழுக்க லேசான பனி மூட்டம். ஒரு ஏர்பஸ் 320 கிளம்பத் தயாராகி, பயணிகள் ஏறி, கதவு மூடி, டக் வண்டி பின்னால் தள்ள ஆரம்பித்துவிட்டது. நான் அடுத்த பேயில் நின்றுகொண்டிருந்தேன். 23 வயதுப் பையன் ஒருவன், சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது, கேன்டீன் பக்கமிருந்து ஓடி வந்தான். கையில் டீ கப் அப்படியே இருக்கிறது, பாதி டீ சட்டையில் சிந்தியிருக்கிறது. "சார், லெஃப்ட் இன்ஜினுக்கு ஆயில் ஊத்தினேன் சார். மூடியைப் போட்டேன், வெளிக்கதவையும் மூடினேன். ஆனா மூடியோட பிடியை அழுத்தி லாக் பண்ணினேனா என்று ஞாபகம் வர மாட்டேங்குது சார். நடுவுல ஒருத்தர் டார்ச் கேட்டு கூப்பிட்டார்." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

அந்த மூடி சரியாக உட்காரவில்லையென்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆயில் கசிந்து வெளியேறும். பைலட் அந்த இன்ஜினை நடுவானில் நிறுத்த வேண்டி வரலாம். ஒரே ஆள் இரண்டு இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எங்கள் தொழிலில் சும்மா வைக்கவில்லை. 1983 மே 5 அன்று அமெரிக்காவின் மியாமியிலிருந்து பஹாமாஸ் தலைநகர் நசாவுக்குப் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில், மூன்று இன்ஜினிலும் ஒரு சின்ன ரப்பர் வளையம் போடாமல் விட்டுப்போனது. மூன்றிலும் ஆயில் வடிந்தது. ஒரு இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பும் வழியில் மற்ற இரண்டும் நின்றுபோயின. முதலில் அணைத்ததை மறுபடி ஓடவைத்து, அந்த ஒற்றை இன்ஜினோடு 172 பேரை மியாமியில் கொண்டுவந்து இறக்கினார்கள். விலை சில ரூபாய் பெறாத வளையம். எங்கள் பையன் இடது இன்ஜினை மட்டும்தான் தொட்டிருந்தான், வலதை வேறொருவர் பார்த்திருந்தார். ஆனாலும் ஒரு இன்ஜின் போனாலும் அது விளையாட்டில்லை.

ஹெட்செட் போட்டு நின்ற டெக்னீஷியனிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். கேப்டனிடம் பேசினேன். ஒரு இன்ஜின் ஏற்கனவே சுற்ற ஆரம்பித்திருந்தது, அதை நிறுத்தி, விமானத்தை நின்ற இடத்துக்கே இழுத்துவந்து, ஏணி போட்டு, அந்தச் சின்னக் கதவைத் திறந்தோம். டார்ச் அடித்தேன். மூடி சரியாகத்தான் இருந்தது. பிடி படிந்து, லாக் ஆகி, ஒரு சொட்டு ஆயில் இல்லாமல். கையால் அசைத்தும் பார்த்தேன். கதவை மூடி, லாகில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். மொத்தம் 22 நிமிடம் தாமதம்.

கேப்டன் மறுநாள் போன் செய்து, அந்தப் பையனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றார். நிறுவனத்திலிருந்து வந்தது வேறு. ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு, அந்த நிமிடங்கள் எந்தத் துறையின் கணக்கில் என்று அதை வைத்துத்தான் முடிவாகும். 22 நிமிடம் எங்கள் கணக்கில் ஏறியது. "கோளாறே இல்லாத விமானத்தை நிறுத்தியதற்கு" விளக்கம் கேட்டார்கள். நான் எழுதினேன், நேரில் போயும் வாதாடினேன். பலனில்லை. கவனக்குறைவு என்று அந்தப் பையனுக்கு மெமோ, அந்த வருட இன்கிரிமென்ட் நிறுத்தம். அதோடு எட்டு மாதத்தில் அவன் வேலையை விட்டுவிட்டு, வளைகுடா நாட்டில் ஒரு கட்டடத்தில் ஏசி பிளான்ட் பார்க்கிற வேலைக்குப் போய்விட்டான். அவன் அப்பா நெசவாளி. கடன் வாங்கி லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கவைத்த படிப்பு அது.

நான் இன்னும் பலமாக நின்றிருக்க வேண்டும். ராஜினாமா செய்கிறேன் என்று சொல்லியாவது அந்த மெமோவைத் தடுத்திருக்க வேண்டும். இன்றுவரை அந்த வருத்தம் போகவில்லை.

அதற்கு அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். என் ஷிப்டில் யாரும் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே சார்". எல்லா இரவும் எல்லாமே ஓகே. இன்சார்ஜாக இருப்பவனுக்கு இதைவிடப் பயமான வார்த்தை கிடையாது. ஆறு விமானம், ஒன்பது மனிதர்கள், இரவு முழுக்க வேலை, ஒருவனுக்கும் ஒரு சந்தேகம்கூட வரவில்லை என்றால் அதை நம்ப முடியுமா? நாலு மாதம் கழித்து, எங்களிடமிருந்து கிளம்பிப் போன ஒரு விமானத்தை வேறு ஊரில் பைலட் சுற்றிவந்து பார்க்கும்போது, சரக்குக் கதவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். விமானத்தை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். விசாரித்ததில், எங்கள் பேயில் ஏணி வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடித்திருக்கிறது. இடித்தவனுக்குத் தெரியும், பக்கத்தில் நின்ற இன்னொருவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் நல்ல வேலைக்காரர்கள், நான் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தவர்கள். ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருவன் சொன்னான்: "அவனுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தோமே சார்."

அழுத்தம் ஏறும் விமான உடலில் நசுங்கல் என்றால் வெளியிலிருப்பவர்களுக்கு அது கார் கதவில் விழுந்த கோடு மாதிரித் தோன்றலாம். 2005 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவில் சியாட்டிலில் ஒரு எம்டி-80 விமானத்தைத் தரையில் ஒரு வண்டி இடித்தது. ஓட்டியவர் சொல்லவில்லை. விமானம் ஏறிக்கொண்டிருக்கும்போது, சுமார் 26,000 அடியில் அந்த இடம் பிய்ந்து, உள்ளே காற்றழுத்தம் போய்விட்டது. நல்லவேளை, திரும்பி இறக்கிவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை.

அந்த இரண்டு பேர் பதில் சொன்ன நாளிலிருந்து நான் என் ஷிப்டை நடத்தும் முறையை மாற்றினேன். ஷிப்ட் ஆரம்பத்தில் எல்லோரையும் நிற்கவைத்துப் பத்து நிமிடம் பேசுவேன். முதலில் என் தவறு ஒன்றைச் சொல்வேன். புதுசு புதுசாகச் சொல்ல எனக்கு நிறையவே இருந்தது. அப்புறம் ஒரு வாக்குக் கொடுத்தேன்: யார் சந்தேகம் என்று வந்தாலும், விமானத்தை நிறுத்துவது நான். லாகில், தாமத அறிக்கையில், எல்லாவற்றிலும் "ஷிப்ட் இன்சார்ஜ் உத்தரவின்படி நிறுத்தப்பட்டது" என்று என் பெயர்தான் போகும். சொன்னவன் பெயர் என் வாயிலிருந்து வராது. பிறகு வந்த வருடங்களில் 14 முறை அப்படி நிறுத்தியிருக்கிறேன், என் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் 9 முறை ஒன்றும் இல்லை. 5 முறை இருந்தது. அந்த 5 முறையும் யார் வந்து சொன்னார்கள், அப்போது மணி என்ன என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் பின்பற்றிய இன்னொரு விஷயம், ஷிப்டில் ஸ்பானரைத் தொடுவதில்லை என்பது. ஆள் குறைவாக இருக்கும் இரவில் கை பரபரக்கும், நாமே செய்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். அப்போதெல்லாம் 1990ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்ததைப் பையன்களுக்கும் சொல்வேன், எனக்கும் சொல்லிக்கொள்வேன். பிரிட்டிஷ் ஏர்வேஸின் பிஏசி ஒன்-லெவன் விமானம். இரவு ஷிப்டில் ஆள் குறைவு. கேப்டன் பக்கத்து முன் கண்ணாடியை மாற்றும் வேலையை ஷிப்ட் மேனேஜரே எடுத்துக்கொண்டார். அனுபவமும் நல்ல பெயரும் உள்ளவர். பழைய போல்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, புதியவற்றைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். ஸ்டோரில் இருந்தவர், அந்தக் கண்ணாடிக்கு வேறு சைஸ்தானே போடுவார்கள் என்று சொல்லியும் பார்த்திருக்கிறார். அது காதில் ஏறவில்லை. இன்னொரு இடத்தில், ஆளில்லாத ஸ்டோரில், மங்கலான வெளிச்சத்தில் போல்ட்டுகளை எடுத்தார். மாட்டிய 90 போல்ட்டில் 84 போல்ட்டின் குறுக்களவு 0.026 அங்குலம் குறைவு, அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மிச்சம் 6 போல்ட் நீளம் குறைவு. வேலை செய்தவரும் அவரே, கையெழுத்துப் போட்டவரும் அவரே. அந்த வேலைக்கு இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்ற விதி அப்போது இல்லை.

27 மணி நேரம் கழித்து, ஜூன் 10 காலை, ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய அந்த விமானம் 17,300 அடியில் இருந்தபோது கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டரின் பாதி உடல் வெளியே. உள்ளே இருந்த ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், துணை விமானி அலஸ்டேர் அட்சிசன் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். யாரும் சாகவில்லை, லங்காஸ்டர் சில மாதங்களில் மறுபடி விமானம் ஓட்டவும் வந்துவிட்டார்.

இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் போல்ட்டைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு எப்போதும் அந்த ஸ்டோர்க்காரர்தான் மனதில் நிற்பார். சரியான சைஸ் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. அதை நின்று கேட்க ஒரு நிமிடம் இல்லை. இன்சார்ஜே வேலையில் இறங்கிவிட்டால் மேலிருந்து பார்க்கும் கண் போய்விடுகிறது, கீழிருந்து வருகிற குரலும் எட்டுவதில்லை.

ஷிப்ட் மாறும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1991 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் ஈகிள் லேக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு எம்ப்ரேயர் 120 விமானம் வானிலேயே உடைந்து 14 பேரும் இறந்தார்கள். முந்தைய இரவு பராமரிப்பில், வால் பகுதியின் இடது பக்க முன்விளிம்பில் மேலே இருந்த 47 திருகுகளைக் கழற்றியிருந்தார்கள். ஷிப்ட் மாறியது. அடுத்து வந்தவர்கள் வலது பக்க வேலையை முடித்தார்கள். இடது பக்கம் திருகு இல்லை என்பதை யாரும் எழுதவில்லை, யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. இருட்டில், அவ்வளவு உயரத்தில் அது கண்ணுக்கும் தெரியாது. அந்த விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தில் ஜான் லாபர் என்ற உறுப்பினர் மற்றவர்களோடு உடன்படாமல் தனியாக எழுதினார்: தனிமனிதர்களின் தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது, அந்த நிறுவனத்தை நடத்தியவர்கள் வளர்த்த பழக்கத்தையும் காரணமாகச் சொல்ல வேண்டும் என்று. எங்கள் தொழிலில் பெரிய மாற்றங்கள் வந்ததற்கு அந்த ஒருவரின் எதிர்க்குரலும் ஒரு காரணம்.

அதனால் என் ஷிப்டில் ஒப்படைப்பு என்றால், முடித்ததைச் சொல்ல வேண்டாம், முடிக்காததை முதலில் சொல் என்பேன். பேப்பரில் எழுதினால் மட்டும் போதாது. காலை ஷிப்ட் ஆளை விமானத்தடிக்குக் கூட்டிப்போய், கழற்றிய இடத்தில் கையை வைத்துக் காட்ட வேண்டும். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. என்னிடம் இருந்தவர்களில் ராமநாதபுரத்துப் பையன், பாலக்காட்டுப் பையன், ஒடிசாக்காரன், மணிப்பூர்ப் பெண் என்று எல்லோரும் இருந்தார்கள். மேனுவல் ஆங்கிலத்தில், பேச்சு பாதித் தமிழ் பாதி இந்தி. "கேப் போட்டாச்சு" என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் "லாக் பண்ணியாச்சு" என்று எடுத்துக்கொள்வார். அதனால் கேட்டவர் தன் வாயால், தனக்குப் பழகிய மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். ஆரம்பத்தில் கூச்சப்பட்டார்கள், அப்புறம் பழகிவிட்டது.

வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நாள் ஆயுத பூஜை. டூல் பாக்ஸ் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலையோடு படைப்போம். டக் வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுகூட ஏப்ரனுக்கு வெளியேதான், பூசணிக்காய் உடைப்பது கிடையவே கிடையாது, ஏனென்றால் ஒரு சின்னத் துண்டு இன்ஜினுக்குள் போனால் போதும். பூஜை முடிந்த கையோடு குங்குமத்தைத் துடைத்து ஒவ்வொரு டூலாக எண்ணி, ஸ்பாஞ்சில் அதனதன் வடிவத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் திருப்பி வைப்போம். ஒரு பள்ளம் காலியாக இருந்தால் ஒரு விமானமும் நகராது. இந்த வேலையைச் சாமி கும்பிடுகிற மனசோடு செய்கிற பிள்ளைகள் அவர்கள். "என்ன செய்துகொண்டிருந்தார்கள்" என்று கேட்கும்போது எனக்கு அவர்கள் முகம்தான் வருகிறது.

2023ல் மட்டும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்ததைப் பெரிய எழுத்தில் போட்டீர்கள். சந்தோஷம்தான். இவ்வளவு விமானத்துக்கும் ராத்திரி 3 மணிக்கு ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்க்க எத்தனை ஆயிரம் பையன்கள், பெண்கள் வேண்டும், அவர்களை யார் நடத்தப் போகிறார்கள் என்று ஒரு பத்திகூட வரவில்லை. பைலட்டுகளின் ஓய்வு நேரம் பற்றி நாடே பேசுகிறது, பேச வேண்டியதுதான். அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை மனித உடம்பு தளர்ந்து போகிற நேரம் என்பது பைலட்டுக்கு எவ்வளவு உண்மையோ, அவர் ஓட்டப்போகும் விமானத்தில் நட்டு முடுக்குகிறவனுக்கும் அவ்வளவு உண்மை.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நடந்த விமான விபத்துக்குப் பிறகு, பல மாதங்கள் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டது ஒன்றுதான்: சரியாகப் பார்த்துத்தான் அனுப்புகிறார்களா சார்? பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு நிறுத்தவும் செய்கிறார்கள். நிறுத்தியதைத்தான் தாமதம் என்று செய்தி போடுகிறோம்.

நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தானாக வந்து சந்தேகத்தையோ தவற்றையோ சொன்னவனுக்கு மெமோ கொடுக்காதீர்கள். குடித்துவிட்டு வந்தால், வேண்டுமென்றே ஏமாற்றினால், பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டால் தண்டியுங்கள், நானே முன்னால் நிற்பேன். மறந்துவிட்டேனோ என்று ஓடி வருகிறவனைத் தண்டிக்காதீர்கள். அமெரிக்காவில் 1976லிருந்து இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. பைலட்டோ டெக்னீஷியனோ தன் தவற்றை விண்வெளி ஆராய்ச்சி அமைப்பான நாசாவுக்கு 10 நாளுக்குள் எழுதி அனுப்பினால், அது வேண்டுமென்று செய்ததோ குற்றமோ விபத்தோ இல்லையென்றால், அபராதத்திலிருந்தும் லைசென்ஸ் முடக்கத்திலிருந்தும் பாதுகாப்புக் கிடைக்கும். லைசென்ஸைப் பிடுங்கும் அதிகாரம் உள்ள துறையிடம் இல்லாமல் வேறொரு அமைப்பிடம் கொடுத்ததால்தான் நம்பி எழுதுகிறார்கள். நம் நாட்டிலும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசுத் துறையான டிஜிசிஏவுக்குத் தானாக முன்வந்து தெரிவிக்கும் வழி இருக்கிறது. ஆனால் ஒரு 23 வயதுப் பையனுக்கு டிஜிசிஏ ரொம்பத் தூரம். அவனுக்குப் பக்கத்தில் இருப்பது அவன் இன்சார்ஜ்தான். அந்த இன்சார்ஜுக்கு 22 நிமிடத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் உரிமையாவது கொடுங்கள்.

இப்போது இன்சார்ஜாக இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்று. உங்கள் ஷிப்டில் தொடர்ந்து பத்து நாள் யாரும் வந்து எதையும் சொல்லவில்லையென்றால், பதினோராவது நாள் நீங்களே ஒவ்வொரு விமானமாகப் போய் அவர்களோடு ஏணியடியில் நில்லுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். பேச்சுக் கொடுங்கள். எதையாவது சொல்வார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படித் தாமதச் செய்தி வந்தால், உங்கள் நிருபர் அந்த நிறுவனத்திடம் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கட்டும்: கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னது யார், பெயர் வேண்டாம், பைலட்டா, டெக்னீஷியனா, ஏணி வண்டி ஓட்டுகிறவரா, சொன்ன அவர் இன்று வேலையில் இருக்கிறாரா? வருகிற பதிலை அந்த நான்கு வரிச் செய்திக்குக் கீழே ஐந்தாவது வரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானப் பராமரிப்பு ஷிப்ட் இன்சார்ஜ்,
பம்மல், சென்னை.